மீசையைச் செய்யாதவன்

எருசலேமில், நகலோத் சந்துகளில் ஒன்று.
மழை விடாத பிப்ரவரி.
தீர்ஸா கம்லியேல் அகராதி எழுதுகிறாள்.
மேசைமேல் நான்கு செருப்புப் பெட்டிகள்,
அவற்றுள் ஒரே ஒரு வினைச்சொல்,
இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் அட்டைகளாக.

அஸா.
மூன்றே எழுத்து. கடைசி எழுத்து வெறும் மூச்சு.
முதலெழுத்து அயின்,
தொண்டையின் அடியில் கிடக்கும் கல்.
நகரம் அந்தக் கல்லை எப்போதோ விழுங்கிவிட்டது.
சனாவிலிருந்து வந்த அவள் வீட்டார் மட்டும்
விழுங்காமல் வைத்திருந்தார்கள்.

மரம் கனியைச் செய்கிறது.
வேலையாள் கன்றுக்குட்டியைச் செய்கிறான்,
சமைக்கிறான் என்று பொருள்.
அரசர்கள் போர் செய்கிறார்கள்.
ஓய்வுநாளையும் செய்யத்தான் வேண்டுமாம்:
சும்மா இருப்பதை ஒரு வேலையாக.
சிறைபிடித்து வரப்பட்டவள்
தலையை மழித்து நகங்களைச் செய்கிறாள்.
வெட்டினாளா, வளர்த்தாளா?
உரைகாரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.
'இரண்டும்' என்று பென்சிலால் எழுதினாள்.
அழித்தாள்.

ஓர் அட்டை மட்டும் சர்க்கரை டப்பாவுக்கு அடியில்.
உலகத்தைப் படைத்து முடித்து, ஓய்ந்து,
கதை நிற்கிற இடத்தில்
'செய்ய' என்றொரு சொல் தொங்குகிறது,
எதை என்று இல்லாமல்.
மூன்று வாரமாக அதை அவள் தொடவில்லை.

அடுத்த அறையில் அண்ணன் யிஹ்யே.
ஏழாம் எண் பஸ்ஸை முப்பது வருஷம் ஓட்டியவன்.
பக்கவாதம் வந்து பதினோரு வாரம்.
பேச்சு இல்லை.
வலது கை, யாரோ மறந்துவைத்துப்போன சாமான்போல
மடியில் கிடக்கிறது.
சவரம் செய்ய வந்தவனை இடக்கையால் தள்ளிவிட்டான்.
மீசை உதட்டைத் தாண்டி சூப்பில் நனைகிறது.

இரவு பத்தரைக்கு அந்த அட்டை வந்தது.
ஓடிப்போன அரசன் திரும்பி வருகிறான்.
எதிர்கொண்டு போகிறான் கால் ஊனமான ஒருவன்.
அரசன் போன நாள்முதல்
அவன் கால்களைச் செய்யவில்லை,
மீசையைச் செய்யவில்லை.
துணிக்கு மட்டும் வேறு வினை: வெளுக்கவில்லை.

தீர்ஸா மறுபடி படித்தாள்.
பொருள் பதினான்கு: பேணுதல்.
எழுதிவிட்டுப் பேனாவை மூட மறந்தாள்.

இதைத் தமிழில் எழுதுகிற எனக்கு ஒரு சௌகரியம்.
செய் என்றால் எனக்கு வயலும் ஆகும்,
நன்செய், புன்செய்.
செய்து முடித்தால் செய்யுள்.
சொல்லுக்குள்ளேயே காலாற நடந்துவிட்டு வரலாம்.
அவளுக்கு அது வாய்க்கவில்லை.
அவளிடம் வெந்நீரும் கத்திரியும் இருந்தன.

முதலில் தள்ளினான். கத்திரி தரையில் விழுந்தது.
குனிந்து எடுத்தாள்.
"யாருக்காக இப்படி வளர்க்கிறாய்?
அரசனே வந்தாலும்
ஏழாம் எண் பஸ்ஸில்தான் வந்தாகணும்,
நின்றுகொண்டு."
வாயின் ஒரு பாதி சிரித்தது.

கால்களைத் தண்ணீரில் வைத்தாள்.
நகங்கள் கொம்புபோல் கடினம்;
ஊறக் காத்திருந்தாள்.
வெட்டிய ஒன்று பறந்து ரேடியோவில் பட்டது.
பிறகு மீசை.
கையில்லாதவன் மீசையைத் தொடும்போது
அவன் மூக்கின்வழி அவளே மூச்சுவிட வேண்டியிருக்கிறது.
(கை இருக்கிறது. திருத்துகிறேன்.
அகராதிக்காரி இருக்கும் வீட்டில் பார்த்துப் பேச வேண்டும்.)

துண்டை உதறப் போனவளை
ஓர் ஒலி நிறுத்தியது.
சொல் அல்ல. தொண்டையின் அடியில்
கல் ஒன்று புரண்டது.
அயின்.

அந்த எழுத்தில் தொடங்குபவை எத்தனையோ:
கண். களைப்பு. உதவி. இப்போது. இன்னும்.
நான்கு பெட்டிகள் நிறையக் கிடக்கிற அதுவும்.
அவள் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை.
துண்டும் கையுமாக நின்றாள்.

இடது காலை ஒரு விரற்கடை நீட்டினான்.
பார்த்தாள்.
சுண்டுவிரல் பாக்கி.